ராஜாஜியின் தாராளவாதம்: பொருளாதாரக் கொள்கைக்கும் பல கட்சி ஜனநாயகத்துக்கும் என்ன தொடர்பு?

ஒரு நாட்டில் தொழில் தொடங்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதும், அந்த நாட்டில் எத்தனை கட்சிகள் உயிரோடு இருக்க முடியும் என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். முதலாவதைப் பொருளாதாரப் பாடத்திலும் இரண்டாவதை அரசியல் பாடத்திலும் படிக்கிறோம். இரண்டும் ஒரே கேள்விதான் என்று தம் வாழ்வின் கடைசிப் பதினைந்து ஆண்டுகளில் விடாமல் வாதிட்டவர் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார். சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவும், மத்திய உள்துறை அமைச்சராகவும், சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகவும் இருந்து முடித்தவர், எண்பது வயதைக் கடந்த பின் 1959இல் சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். அவருடைய வாதத்தை முதன்முதலாக அறிய விரும்புவோருக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது.

தாராளவாதம் என்றதும் 1991ஆம் ஆண்டின் பொருளாதாரச் சீர்திருத்தங்களே பலருக்கு நினைவுக்கு வரும். அது அந்தச் சிந்தனையின் ஒரு கிளை மட்டுமே. தனிமனிதருக்கு அரசு பறிக்க முடியாத சில உரிமைகள் உண்டு, அரசின் அதிகாரம் சட்டத்தால் வரையறுக்கப்பட வேண்டும், எவ்வளவு நல்லவர் ஆனாலும் யாரும் கேள்வி கேட்பாரின்றி ஆளக்கூடாது என்பவை அதன் அடிப்படைகள். சந்தை பற்றிய கருத்துகள் இவற்றிலிருந்து பிறப்பவை. ராஜாஜியைப் பொறுத்தவரை இந்த வரிசையை நினைவில் வைப்பது மிக அவசியம். ஏனெனில், அவர் தனியார் தொழிலை ஆதரித்தது அது அதிக லாபம் தரும் என்பதற்காக மட்டும் அல்ல, அரசாங்கத்தை எதிர்த்து நிற்கத் துணிவுள்ள மனிதர்கள் நாட்டில் மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காகவும்தான்.

ஒரு கட்சியின் ஆதிக்கம்

அவர் எதை எதிர்த்தார் என்று புரிய, 1950களின் நாடாளுமன்றத்தைப் பார்க்க வேண்டும். 1957ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் 371 இடங்களைப் பிடித்தது. இரண்டாவதாக வந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 27 இடங்களும், பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்கு 19 இடங்களும், பாரதீய ஜன சங்கத்துக்கு 4 இடங்களும் கிடைத்தன. ஆனால் வாக்காளர்களில் பாதிப் பேர்கூடக் காங்கிரசுக்கு வாக்களிக்கவில்லை. 1962ஆம் ஆண்டு தேர்தலிலும் இதே கதைதான்: 45 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான வாக்குகளைக் கொண்டு 494 இடங்களில் 361 இடங்களை அந்தக் கட்சி பெற்றது. ஒரு தொகுதியில் யார் அதிக வாக்கு பெறுகிறாரோ அவரே உறுப்பினர் என்னும் நம் தேர்தல் முறையில், எதிர்ப்பு வாக்குகள் நான்கைந்து கட்சிகளாகச் சிதறும்போது இப்படித்தான் நடக்கும்.

ராஜாஜியின் கவலை எண்ணிக்கையோடு நிற்கவில்லை. காங்கிரஸ் 1955 ஜனவரியில் ஆவடி மாநாட்டில் சோஷலிச பாணிச் சமுதாயத்தைத் தன் குறிக்கோளாக அறிவித்தது. அதற்கு இடப்பக்கம் நின்ற கம்யூனிஸ்டுகளும் சோஷலிஸ்டுகளும் அரசாங்கத்தைக் கடுமையாகத் தாக்கினார்கள். ஆனால் அந்தத் தாக்குதலின் சாரம், அரசு இன்னும் அதிகமான தொழில்களைத் தன் கையில் எடுக்கவில்லையே, இன்னும் வேகமாகப் போகவில்லையே என்பதுதான். ஆளும் கட்சி போகும் பாதையே தவறு என்று சொல்லத்தக்க, நாடு முழுவதற்குமான ஒரு கட்சி இல்லை. ஆட்களை மாற்ற வாக்காளருக்கு வழி இருந்தது, கொள்கையை மாற்ற வழி இல்லை. எத்தனை கட்சிகளின் பெயர்கள் வாக்குச்சீட்டில் இருந்தாலும், அவை எல்லாம் ஒரே திசையைக் காட்டினால் அதைப் பல கட்சி ஜனநாயகம் என்று சொல்ல முடியுமா என்பதே அவருடைய கேள்வி. என் எண்ணத்தில், ராஜாஜி விட்டுச்சென்ற கேள்விகளில் இன்றும் கூர்மழுங்காதது இதுதான்.

1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, கூட்டுறவுக் கூட்டுப்பண்ணை முறையே வருங்கால வேளாண்மையின் வடிவம் என்று தீர்மானித்தது உடனடித் தூண்டுதலாக அமைந்தது. நிலத்தை ஒன்றாகச் சேர்த்து உழுது, பங்கை உழைப்புக்கும் உடைமைக்கும் ஏற்பப் பிரித்துக்கொள்வது அந்தத் திட்டம். உடைமைப் பத்திரம் விவசாயியிடம் இருந்தாலும், என்ன விதைப்பது, எப்போது விற்பது என்ற முடிவு அவன் கையை விட்டுப் போய்விடும் என்று விவசாயிகள் தலைவர் என். ஜி. ரங்கா எதிர்த்தார். ஜூன் மாதம் சென்னையில் புதிய கட்சி அறிவிக்கப்பட்டது. ஆகஸ்ட் தொடக்கத்தில் பம்பாயில் அதன் தொடக்க மாநாடு நடந்தது. ரங்கா தலைவர், மினூ மசானி பொதுச்செயலாளர். மசானி 1934இல் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியை நிறுவியவர்களுள் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது. சோவியத் யூனியனில் நடந்தவற்றைக் கண்டு மனம் மாறியவர் அவர். ராஜாஜி கட்சியில் பதவி எதையும் ஏற்கவில்லை.

பெர்மிட், லைசென்ஸ், கோட்டா

ராஜாஜி உருவாக்கிய சொற்றொடர்களுள் மிகவும் பரவியது 'பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்' என்பது. இதைத் திட்டுச் சொல்லாக மட்டும் கேட்டுப் பழகியவர்கள், அது சுட்டிய நடைமுறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

1960களின் தொடக்கத்தில், சில நூறு தொழிலாளர்களை வைத்துக் கோயம்புத்தூரில் மின்மோட்டார் செய்யும் ஒரு தொழிற்சாலையை நினைத்துக்கொள்வோம். சந்தையில் தேவை கூடியிருக்கிறது. உற்பத்தியை இரண்டு மடங்காக்க முதலாளி விரும்புகிறார். 1951ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டப்படி, பட்டியலில் உள்ள தொழிலைக் கணிசமாக விரிவாக்க மத்திய அரசின் உரிமம் வேண்டும். மோட்டாரோடு புதிதாக வேறொரு பொருளையும் செய்ய நினைத்தால் அதற்கும் உரிமம். தொழிற்சாலையை வேறு ஊருக்கு மாற்றவும் அனுமதி. இயந்திரம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமானால் இறக்குமதி லைசென்ஸ். அதற்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கியின் அந்நியச் செலாவணி ஒப்புதல். விரிவாக்கத்துக்கான முதலைப் பங்குகள் வெளியிட்டுத் திரட்டலாம் என்றால், எவ்வளவு திரட்டலாம், என்ன விலைக்கு வெளியிடலாம் என்பதை முடிவு செய்ய மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளர் இருக்கிறார். இரும்புக்கு ஒதுக்கீடு; அதை முடிவு செய்யும் அலுவலகம் கல்கத்தாவில். கோப்புகள் ஒவ்வொன்றும் தில்லியில் எந்த மேசையில் நிற்கின்றன என்று அறிந்து சொல்லவே அங்கே ஓர் ஆளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் வழக்கம் நிறுவனங்களிடம் உருவாயிற்று.

இந்த அனுமதிகளில் எதுவும் தனித்துப் பார்த்தால் அநியாயமாகத் தோன்றாது. அந்நியச் செலாவணி பற்றாக்குறையான நாட்டில் அதை எதற்குச் செலவிடுவது என்று யாரேனும் முடிவு செய்துதான் ஆக வேண்டும் என்று திட்டமிடலை ஆதரித்தவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ராஜாஜி விரல் வைத்த இடம் வேறு. ஒரு விண்ணப்பத்தை எந்தக் காரணத்துக்காக ஏற்கலாம், எதற்காக மறுக்கலாம் என்பது பெரும்பாலும் அதிகாரியின், அமைச்சரின் விருப்புரிமைக்கு விடப்பட்டிருந்தது. சட்டம் தடுத்தால் நீதிமன்றம் போகலாம்; கோப்பு நகரவில்லை என்றால் எங்கே போவது? அந்த நிலையில் இருக்கும் முதலாளி, ஆளும் கட்சியின் தேர்தல் நிதிக்கு ஆள் வந்து கேட்கும்போது மறுக்க மாட்டார். எதிர்க்கட்சிக்காரர் வந்து கேட்டால், மனத்தில் அனுதாபம் இருந்தாலும் கொடுக்கத் துணிய மாட்டார். கொடுத்தது தெரிந்துவிட்டால் அடுத்த கோப்பு என்ன ஆகும் என்ற அச்சம் ஒன்றே போதும். யாரும் வாய் திறந்து மிரட்டத் தேவையில்லை.

பொருளாதாரமும் கட்சி அரசியலும் ராஜாஜியின் வாதத்தில் இணையும் முடிச்சு இதுதான். பிழைப்புக்கான அனுமதிகள் எல்லாம் ஒரே கையில் இருக்கும் நாட்டில், அந்தக் கையை எதிர்க்கும் கட்சிக்கு நிதி கிடைக்காது, அச்சகம் கிடைக்காது, வெளிப்படையாகக் கூட வர ஆட்களும் கிடைக்கமாட்டார்கள். சட்டப்புத்தகத்தில் கட்சி தொடங்கும் உரிமை அப்படியே இருக்கும், கட்சி மட்டும் இராது.

பெருமுதலாளிகளின் கட்சி என்று சுதந்திரா கட்சியைப் பலர் ஏசினார்கள். உண்மையில் பெரிய தொழில் குடும்பங்களின் பணம் முதன்மையாகக் காங்கிரசுக்கே போயிற்று. ஏற்கெனவே உரிமம் பெற்றவருக்கு அந்த உரிமமே ஒரு கோட்டைச் சுவர். புதியவர் யாரும் போட்டிக்கு வர முடியாது. பொருளாதார அறிஞர் ஆர். கே. ஹசாரி அரசுக்காகத் தயாரித்து 1967இல் வெளிவந்த அறிக்கை, உரிம முறை ஒரு சில பெரிய குழுமங்களுக்கே, குறிப்பாக பிர்லா குழுமத்துக்கு, மிகுதியாகப் பயன்பட்டிருப்பதைக் காட்டியது. ஏகபோகத்தைத் தடுக்க வந்ததாகச் சொல்லப்பட்ட முறை ஏகபோகத்தை வளர்த்தது. விதிவிலக்காக, ஜே. ஆர். டி. டாட்டா 1962 தேர்தலுக்கு முன் நேருவுக்கு நேரடியாகத் தெரிவித்துவிட்டு, காங்கிரசுக்குக் கொடுப்பதோடு சுதந்திரா கட்சிக்கும் நன்கொடை வழங்க முன்வந்தார். நேருவும் அது அவருடைய உரிமை என்று ஏற்றுக்கொண்டார். நேருவின் ஜனநாயகப் பண்பைக் காட்டும் நிகழ்வு அது. ஆனால் நாட்டின் மிகப்பெரிய தொழிலதிபர்களுள் ஒருவரே எதிர்க்கட்சிக்கு நன்கொடை கொடுப்பதைப் பிரதமரிடம் சொல்லிவிட்டுச் செய்ய நேர்ந்தது என்றால், கோயம்புத்தூரின் மோட்டார் முதலாளிக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வரும்?

பணம் தேர்தலை ஆள்வதற்கு ராஜாஜி சொன்ன மருந்து, எதிர்க்கட்சிக்கும் அதே அளவு பணம் கிடைக்க வேண்டும் என்பதோடு முடியவில்லை. தேர்தல் செலவுகளில் பெரும் பகுதியை, வாக்காளருக்கு அடையாளச் சீட்டு சேர்ப்பது போன்றவற்றை, அரசே ஏற்று நடத்த வேண்டும் என்று அவர் எழுதினார். அரசு எல்லாவற்றிலிருந்தும் விலக வேண்டும் என்றவராக மட்டும் அவரை நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். போட்டி நியாயமாக நடக்க வழி செய்வது அரசின் வேலை, போட்டியில் வெல்பவரைத் தேர்ந்தெடுப்பது அதன் வேலை அல்ல என்ற ஒரே அளவுகோலைத்தான் அவர் இரண்டு இடங்களிலும் வைத்தார்.

கட்சிக்குள் சுதந்திரம்

சுதந்திரா கட்சி 21 அடிப்படைக் கொள்கைகளை அறிவித்தது. சொத்துரிமை, விவசாயியின் நிலவுரிமை, குறைந்த வரி, அரசின் தலையீட்டுக்கு வரம்பு என்று எதிர்பார்க்கத்தக்கவையே அவற்றில் பல. இறுதியாக வந்த ஒரு விதி மட்டும் அசாதாரணமானது: இந்த அடிப்படைக் கொள்கைகளுக்குள் வராத எந்தப் பிரச்சினையிலும் உறுப்பினர்கள் தம் மனசாட்சிப்படி பேசவும் வாக்களிக்கவும் முழு உரிமை உடையவர்கள்.

இதன் பொருளை உணர இன்றைய நடைமுறையோடு ஒப்பிட வேண்டும். 1985ஆம் ஆண்டின் 52ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கட்சித் தாவல் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் தம் பதவியையே இழக்க நேரிடும். பதவிக்காகவும் பணத்துக்காகவும் ஒரே நாளில் கட்சி மாறிய கூத்துகளைத் தடுக்க அந்தச் சட்டம் தேவைப்பட்டது என்பதை மறுக்க முடியாது. இருந்தாலும், அரசைக் கவிழ்க்கும் வாக்கெடுப்புக்கும், ஏதோ ஒரு மசோதாவின் ஒரு பிரிவு பற்றிய வாக்கெடுப்புக்கும் அது வேறுபாடு பார்ப்பதில்லை. உறுப்பினர் சிந்திப்பதற்கு இடமே வைக்காத முறை என்றே அதை நான் கருதுகிறேன். பல கட்சி ஜனநாயகம் என்பது கட்சிகளுக்கு இடையே மட்டும் நடக்க வேண்டியது அன்று, ஒவ்வொரு கட்சிக்குள்ளும் நடக்க வேண்டியது என்ற நம்பிக்கையை சுதந்திரா கட்சியின் அந்த விதி எழுத்தில் வடித்திருந்தது.

1967

ஒரே கட்சியின் ஆதிக்கத்தை முடிவுக்குக் கொண்டுவர, வேறுபட்ட கட்சிகள் தொகுதிகளைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது கணக்கு. ராஜாஜி இதைத் தயக்கமின்றிச் செய்தார். தம் பொருளாதாரக் கருத்துகளோடு ஒத்துப்போகாத, பிராமண எதிர்ப்பு இயக்கத்திலிருந்து வந்த திராவிட முன்னேற்றக் கழகத்தோடு அவர் கூட்டு வைத்தார். 1937இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி, எதிர்த்துப் போராடியவர்களைச் சிறைக்கு அனுப்பிய அதே ராஜாஜி, 1960களில் இந்தித் திணிப்பை எதிர்த்து ஆங்கிலம் நீடிக்க வேண்டும் என்று வாதிட்டதால், அண்ணாவுக்கும் அவருக்கும் இடையே ஒரு பாலம் ஏற்பட்டிருந்தது. அந்தக் கூட்டணியில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்டுகளும் இருந்தார்கள்.

விளைவு அனைவரும் அறிந்தது. 1967 தேர்தலில் சென்னை மாநிலத்தில் காங்கிரஸ் ஏறத்தாழ 41 சதவீத வாக்குகளைப் பெற்றது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் பெற்றதைவிட அது சுமார் ஐந்து சதவீதம்தான் குறைவு. ஆனால் எதிர்ப்பு வாக்குகள் இம்முறை சிதறாததால், 234 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் அந்தக் கட்சி ஐம்பது இடங்களை ஒட்டிச் சுருங்கியது. தி.மு.க. தனிப் பெரும்பான்மையோடு ஆட்சி அமைத்தது. சுதந்திரா கட்சிக்கு 20 இடங்கள் கிடைத்தன. ஒரிசாவில் சுதந்திராவின் ஆர். என். சிங் தேவ் கூட்டணி ஆட்சியின் முதலமைச்சரானார். மக்களவையில் 44 உறுப்பினர்களோடு அது மிகப்பெரிய எதிர்க்கட்சியாயிற்று.

அந்த 44 பேரால் எந்தச் சட்டத்தையும் தடுத்துவிட முடியவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற பயனை வேறோர் இடத்தில் தேட வேண்டும். அரசின் செலவுகளைத் தணிக்கை அறிக்கையின் துணையோடு ஆராயும் பொதுக் கணக்குக் குழுவின் தலைவராக அதுவரை ஆளும் தரப்பைச் சேர்ந்தவர்களே இருந்தார்கள். 1967இல் மினூ மசானி அந்தப் பதவிக்கு வந்த முதல் எதிர்க்கட்சி உறுப்பினர் ஆனார். அன்றிலிருந்து அந்தத் தலைமை எதிர்க்கட்சியிடம் இருப்பது மரபாயிற்று. அமைச்சகங்களின் செயலாளர்களை அழைத்து, இந்தப் பணம் எங்கே போயிற்று என்று எதிர்த்தரப்பு உறுப்பினர் ஒருவர் தலைமை நாற்காலியில் அமர்ந்து கேட்க முடிகிறது. இத்தகைய சலிப்பூட்டும் குழுக்கூட்டங்களில்தான் எதிர்க்கட்சியின் அன்றாட வேலை நடக்கிறது. மேடைப் பேச்சுகள் அதில் சிறு பகுதியே.

1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டபோது, அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்ற ஆர். சி. கூப்பர் சுதந்திரா கட்சியைச் சேர்ந்தவர். 1970 பிப்ரவரியில் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. அரசு வேறு சட்டம் இயற்றி வங்கிகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டது என்றாலும், அடிப்படை உரிமைகளைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பார்க்காமல் ஒன்றோடொன்று தொடர்புடையவையாகப் பார்க்கும் சட்ட நோக்கு அந்தத் தீர்ப்பிலிருந்து வளர்ந்தது.

வாதத்தின் பலவீனங்கள்

ராஜாஜியை அவருடைய அளவுகோலாலேயே அளந்தால் பல இடங்களில் அவர் தேறமாட்டார். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் 375 இடங்களில் 152 மட்டுமே பெற்றது. தேர்தலில் நிற்காத ராஜாஜியை ஆளுநர் மேலவைக்கு நியமித்தார். பிற கட்சியினரை ஈர்த்து அவர் ஆட்சி அமைத்தார். எதிர்க்கட்சிகளின் மதிப்பைப் பின்னாளில் இவ்வளவு உயர்த்திப் பேசியவர், அன்று அவை கூட்டாக ஆளக் கிடைத்த வாய்ப்பை முளையிலேயே கிள்ளியவர். 1953இல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், குழந்தைகள் அரை நாள் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் இருக்க வகை செய்தது. சாதித் தொழிலிலேயே பிள்ளைகளைக் கட்டிப்போடும் குலக்கல்வி என்று அது எதிர்க்கப்பட்டது, சரியாகவே எதிர்க்கப்பட்டது. கட்சிக்குள்ளும் சட்டமன்றத்திலும் போதிய கலந்தாய்வின்றி நடைமுறைக்கு வந்த அந்தத் திட்டமே 1954இல் அவர் பதவியை இழக்கக் காரணமாயிற்று. ஒரு தனிமனிதன் தன் வாழ்க்கையைத் தானே தீர்மானிக்க வேண்டும் என்று சொல்லும் சிந்தனையோடு அதை எப்படியும் பொருத்த முடியாது. மதுவிலக்கில் அவர் காட்டிய பிடிவாதமும், வேட்டி சேலை உற்பத்தியைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று கேட்டதும் இதே வகை; கடைசியாகச் சொன்னதில் எனக்கு அனுதாபம் உண்டு, ஆனால் அதுவும் ஒரு கோட்டாதான்.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அதிகாரம் ஒரே கையில் குவிவது ஆபத்து என்றால், அந்தக் கை அரசாங்கத்தினுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஊரின் நிலமெல்லாம் ஒருவரிடம் இருந்தால், அந்த ஊரின் வாக்குகளும் அவர் சொல்கிற பக்கமே போகும். சாதியின் பிடியும் அப்படியே. சுதந்திரா கட்சி ராஜஸ்தானிலும் ஒரிசாவிலும் பீகாரிலும் வேரூன்றியது முன்னாள் மன்னர் குடும்பங்களையும் ஜமீன்களையும் நம்பித்தான். 1962இல் ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி மிகப் பெரிய வாக்கு வித்தியாசத்தில் வென்றது, கட்சியின் 21 கொள்கைகளுக்குக் கிடைத்த வெற்றி என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். அரசாங்கத்தின் குவிந்த அதிகாரத்தை அவ்வளவு நுட்பமாகக் கண்டறிந்த கட்சி, சமூகத்தில் குவிந்திருந்த அதிகாரத்தின் தோளில் ஏறியே தேர்தலுக்குப் போயிற்று. உரிம முறை பற்றிய அதன் விமர்சனம் சரியாக இருந்தும், நிலமற்றவரும் ஒடுக்கப்பட்டவரும் அதனிடம் நெருங்காததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

1971 தேர்தலில் இந்திரா காந்தியின் அலையில் கட்சி 8 இடங்களுக்கு வீழ்ந்தது. 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி மறைந்தார். 1974இல் கட்சியின் பெரும்பகுதி சரண் சிங்கின் தலைமையில் உருவான பாரதீய லோக் தளத்தில் இணைந்தது.

பின்னர் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நெருக்கடி நிலையின்போது, 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் அரசியலமைப்பின் முகப்புரையில் 'சோஷலிச' என்ற சொல்லைச் சேர்த்தது. அதைத் தொடர்ந்து, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் ராஜீவ் காந்தி ஆட்சியில் புகுத்தப்பட்ட 29ஏ பிரிவின்படி, தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்ய விரும்பும் எந்தக் கட்சியும் சோஷலிசக் கோட்பாட்டில் பற்றுக் கொண்டிருப்பதாகத் தன் அமைப்பு விதியில் எழுதித் தர வேண்டும். உரிம முறையின் பெரும்பகுதி 1991 ஜூலையில் நீக்கப்பட்ட பின்பும் இந்தப் பிரிவு நீடிக்கிறது. சுதந்திரா கட்சியைப் புதுப்பிக்க 1990களில் முயன்றவர்கள், நம்பாத ஒன்றை நம்புவதாக எழுதித் தர மறுத்து பம்பாய் உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். சோஷலிசம் சரியா தவறா என்பது இங்கே கேள்வி அல்ல. நானும் அதன் பல கோரிக்கைகளை மதிப்பவன். தேர்தலில் மக்கள் முன் வைத்து வாதிட்டுத் தீர்க்க வேண்டிய ஒரு கொள்கையை, தேர்தலுக்கு நுழையும் வாசலிலேயே நிபந்தனையாக வைத்தால், ராஜாஜி 1957இல் கண்டு அஞ்சிய நிலைக்குச் சட்டமே முத்திரை குத்துகிறது. எல்லாக் கட்சிகளும் அந்த வரியில் கையெழுத்திட்டுவிட்டு, அதை மறந்தே நடந்துகொள்கின்றன. பொய்யான கையெழுத்து வேண்டாம் என்று நின்ற அந்தச் சிறு குழுவுக்கு மட்டும் கட்சிப் பதிவு கிடைக்கவில்லை.